விடர்ஷின்ஸ்: ஒரு வினையடையும் அதில் சிக்கிய பெண்களும்

பெண்ணுக்குச் சொல்லப்படும் கட்டளைகளைக் கொஞ்சம் இலக்கணக் கண்ணோடு கவனித்தால் ஒன்று தெரியவரும். அவற்றில் பெரும்பாலானவை வினைச்சொல்லைத் தடுப்பதில்லை. சிரிக்காதே, உட்காராதே, பேசாதே என்று நேராகச் சொல்லும் வீடுகள் இன்று குறைவு. மெதுவாகச் சிரி, ஒழுங்காக உட்கார், பணிவாகப் பேசு, நேராக வீட்டுக்கு வா என்பார்கள். வினைக்கு அனுமதி உண்டு. வினையடைக்குத்தான் காவல். ஒரு செயல் எப்படி நடந்தது என்று சொல்லும் துணைச்சொல் வினையடை. அது இல்லாமலும் வாக்கியம் நிற்கும். ஆனால் பெண்ணைப் பற்றிய வாக்கியத்தில் தீர்ப்பு பல நேரம் அந்தத் துணைச்சொல்லில்தான் இருக்கிறது.

இதை மாணவிகளோடு பேசும்போது நான் எடுத்துக்கொள்ளும் சொல் தமிழ்ச்சொல் அல்ல. ஆங்கிலத்திலேயே அதிகம் புழங்காத ஒரு வினையடை: விடர்ஷின்ஸ். ஸ்காட்லாந்துப் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. சூரியன் செல்லும் திசைக்கு எதிராக, கடிகார முள்ளுக்கு எதிராக, இடப்பக்கமாகச் சுற்றி என்று அகராதிகள் பொருள் தருகின்றன. அந்தப் பொருளோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: கூடாத விதமாக, கேட்டை அழைக்கும் விதமாக. திசையைச் சொல்லும் ஒரு சொல்லுக்குள் இந்தக் குற்றச்சாட்டு எப்போது, யார் வழியாக நுழைந்தது? சொல் கடந்துவந்த வழியில் சில இடங்களில் நின்று, அங்கே இருந்த பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

சொல்லின் வேர் இடைக்காலக் கீழ் ஜெர்மன் மொழியில் இருக்கிறது. முற்பகுதிக்கு 'எதிர்' என்று பொருள், பிற்பகுதிக்கு 'வழி' அல்லது 'போகும் திசை'. முதலில் அது வெறும் எதிர்வழிதான். சூரியன் அதில் இல்லை. பிற்பகுதியின் ஒலி சூரியனைக் குறிக்கும் சொல்லின் ஒலிக்கு நெருக்கமாக இருந்ததால், பின்னாளில் மக்கள் அதைச் சூரியனோடு சேர்த்துப் புரிந்துகொண்டார்கள். ஓர் ஒலி ஒற்றுமையால், எதிர்வழி என்பது இயற்கைக்கே எதிரான வழியாகிவிட்டது.

இச்சொல்லின் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று ஒரு மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. ஸ்காட்லாந்துக் கவிஞரும் பாதிரியாருமான கேவின் டக்ளஸ், வர்ஜிலின் ஈனியட் காவியத்தை 1513இல் தம் மொழியில் பெயர்த்து முடித்தார். அதன் இரண்டாம் நூலில் இந்த வினையடை வருகிறது. அங்கே அது யாருடைய நடையையும் குறிக்கவில்லை. அச்சத்தில் தலைமயிர் எதிர்ப்பக்கமாகச் சிலிர்த்து எழுந்ததைக் குறிக்கிறது. மயிர் சிலிர்ப்பது ஈனியாஸுக்கு. அவன் காண்பது தன் மனைவி கிரியூசாவின் ஆவியை. ட்ராய் எரிந்துகொண்டிருக்கிறது. தந்தையைத் தோளில் சுமக்கிறான், மகனைக் கையில் பிடித்துக்கொள்கிறான், மனைவியைத் தள்ளிப் பின்னால் வரச் சொல்கிறான். ஊருக்கு வெளியே எல்லோரும் கூடிய பிறகுதான் அவள் இல்லை என்பது தெரிகிறது. திரும்பி ஓடித் தேடும்போது ஆவி எதிரில் நிற்கிறது. இக்காட்சியில் இரண்டு வினையடைகள் இருக்கின்றன. எதிராகச் சிலிர்த்தல் அவனுக்கு. பின்னால் வருதல் அவளுக்கு. உரையாசிரியர்கள் முதலாவதைப் பற்றிப் பேசுவார்கள். கிரியூசாவைக் கொன்றது இரண்டாவது.

டக்ளஸ் காவியத்தை முடித்து எண்பது ஆண்டுகள் ஆகும் முன்பே சொல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. 1590இல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ், டென்மார்க்கிலிருந்து தம் மணப்பெண்ணோடு புயல் நிறைந்த கடலைத் தாண்டித் திரும்பியிருந்தார். புயலுக்குக் காரணம் சூனியக்காரிகள் என்று முடிவுகட்டப்பட்டது. நார்த் பெரிக் வழக்குகள் என்று வரலாறு அழைக்கும் அந்த விசாரணைகளில் சிக்கியவர்களில் ஒருவர் ஆக்னஸ் சாம்ப்சன். நோய்க்கு மருந்து கொடுப்பவர், பிரசவம் பார்ப்பவர், ஊரில் அறிவுடைய மூதாட்டி என்று பெயர் பெற்றவர். மன்னரே அவரை விசாரித்தார். அவருடைய உடல் மயிரை மழித்துச் சாத்தானின் அடையாளத்தைத் தேடினார்கள். தலையைக் கயிற்றால் சுற்றி முறுக்கினார்கள். அதன் பிறகு 'ஒப்புக்கொண்டார்'. 1591 ஜனவரியில் எடின்பரோவில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள்.

ஆக்னஸ் மீதான குற்றப்பத்திரிகையில் நம் வினையடை இருக்கிறது. நார்த் பெரிக் தேவாலயத்தில் சாத்தானுக்கு முதலில் பெண்களும் அடுத்து ஆண்களும் வணக்கம் செலுத்தினார்களாம். பிறகு ஆண்கள் ஒன்பது முறையும் பெண்கள் ஆறு முறையும் விடர்ஷின்ஸாகச் சுற்றப்பட்டார்களாம். சாத்தான் சபையிலும் ஆணுக்கு மூன்று சுற்று கூடுதல் என்று மாணவிகள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டிய இடம்தான். குற்றப்பத்திரிகை எழுதியவருக்குப் பாவத்தில்கூட ஆண் பெண் சமம் என்று எண்ண வரவில்லை. ஆனால் என்னை நிறுத்தும் இடம் வேறு. சுற்றினார் என்ற வினை குற்றமல்ல. தேவாலயத்தைச் சுற்றி வருவது பக்தியாகவும் இருக்கலாம். குற்றம் முழுவதும் அந்த ஒரு வினையடையில் இருக்கிறது. அந்த வினையடை முறுக்கப்பட்ட கயிற்றின் கீழே கிடைத்தது. எழுத்தரின் கையால் தாளில் ஏறியது.

அந்த வழக்குகளில் ஆண்களும் இறந்தார்கள். ஜான் ஃபியன் என்ற பள்ளி ஆசிரியர் கொடுமையாகச் சித்திரவதை செய்யப்பட்டு எரிக்கப்பட்டார். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஸ்காட்லாந்தில் சூனியத் தடைச் சட்டம் நடைமுறையில் இருந்த 1563 முதல் 1736 வரையான காலத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 3,800 பேர் என்று எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொகுத்திருக்கிறார்கள். பாலினம் தெரிந்தவர்களில் ஆறில் ஐவர் பெண்கள். அதே 1591இல் எரிக்கப்பட்ட யூஃபேம் மக்கால்சியன் மீது வந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, தம் பிரசவ வலியைக் குறைத்துக்கொள்ள ஆக்னஸின் உதவியை நாடினார் என்பது. பிள்ளை பெறுவது குற்றமல்ல. வலிக்காமல் பெறப் பார்த்ததுதான் குற்றம். இங்கேயும் வினை அல்ல, அதன் விதமே தண்டிக்கப்பட்டது.

நீதிமன்றத்திலிருந்து சொல் கதைக்கு வருகிறது. ராபர்ட் ஜேமிசன், தாம் சிறுவயதில் ஒரு தையல்காரரிடம் கேட்ட ஸ்காட்லாந்துக் கதையை 1814இல் அச்சில் தந்தார். அதை ஜோசப் ஜேகப்ஸ் 1890இல் தம் ஆங்கிலத் தேவதைக் கதைத் தொகுப்பில் சேர்த்துப் பரவலாக்கினார். கதை சைல்ட் ரோலண்டைப் பற்றியது. மூன்று சகோதரர்கள், ஒரு தங்கை பர்ட் எலன். அண்ணன்மார் பந்து விளையாடுகிறார்கள். மூவரில் இளையவனான ரோலண்ட் உதைத்த பந்து தேவாலயத்தைத் தாண்டிப் போய் விழுகிறது. எடுக்கப் போவது எலன். போனவள் திரும்பவில்லை. மூத்தவன் மந்திரவாதி மெர்லினிடம் போய்க் கேட்கிறான். அவள் தேவாலயத்தை விடர்ஷின்ஸாகச் சுற்றிப் போனாள், அதனால் எல்ஃப் நாட்டு அரசன் அவளைக் கொண்டுபோய்விட்டான் என்று மெர்லின் சொல்கிறார்.

பந்தை உதைத்தவன் ரோலண்ட். ஓடி எடுக்கும் வேலை எலனுக்கு. குறுக்கே நிற்கும் கட்டடத்தைச் சுற்றித்தான் போக வேண்டும், எந்தப் பக்கம் பந்து கிட்டே தெரிகிறதோ அந்தப் பக்கம்தான் கால் போகும். அவள் ஓடினாள், அவ்வளவுதான். அந்த ஓட்டத்துக்கு ஒரு பெயர் உண்டு என்பது அவள் காணாமல் போன பிறகே, அதுவும் ஓர் ஆணின் வாயிலிருந்தே, நமக்குத் தெரிகிறது. அவளிடம் யாரும் முன்கூட்டி எச்சரித்ததாகக் கதையில் இல்லை. விதி மீறப்பட்ட பிறகுதான் விதி அறிவிக்கப்படுகிறது. நம் வகுப்பறைகளில் இருக்கும் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீ அந்தத் தெரு வழியாக ஏன் போனாய் என்ற கேள்வி, போய் வந்த பிறகு, ஏதோ நடந்த பிறகுதான் கேட்கப்படுகிறது.

மீட்கப் போன மூத்தவர் இருவரும் திரும்பவில்லை. மூன்றாவதாக ரோலண்ட் போகிறான். அங்கே இருட்கோபுரம் ஒரு பச்சைக் குன்றுக்குள் இருக்கிறது. அதன் கதவைத் திறக்க ஒரே வழி, குன்றை மூன்று முறை சுற்றி ஒவ்வொரு முறையும் கதவைத் திறக்கச் சொல்வது. எந்தத் திசையில் சுற்ற வேண்டும்? விடர்ஷின்ஸாக. தங்கையைச் சிறையில் தள்ளிய அதே வினையடை அண்ணன் கையில் சாவியாகிறது. அவன் சுற்றுகிறான், கதவு திறக்கிறது, அவனை யாரும் தூக்கிப் போகவில்லை. காடு, வாள், மந்திரம் என்று அழகாக நகரும் கதை. இந்த ஓர் ஒப்பீட்டைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அழகு கொஞ்சம் கசக்கிறது. திசை ஒன்று, சுற்று ஒன்று, சொல் ஒன்று. கால்கள் மட்டும் வேறு.

அந்த இரகசியத்தை ரோலண்டுக்குச் சொன்னவள் வழியில் கோழி பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி. எல்ஃப் நாட்டில் உன்னோடு பேசுகிறவர் எவராயினும் தலையை வெட்டிவிடு என்பது மெர்லினின் கட்டளை. கிழவி வழி சொல்லி முடிக்கிறாள். ரோலண்ட் கட்டளையை நினைவுகூர்ந்து வாளை உருவி அவளைக் கொல்கிறான். குதிரைக்காரனும் மாட்டுக்காரனும் இதே கதிக்கு ஆளானவர்கள்தான். ஆனால் அவர்கள் இருவரும் வழி தெரியாதவர்கள். தெரிந்தவள் அவள் ஒருத்தி. நான் இங்கே எடுத்துக்கொண்ட பிரதிகளில் இந்தச் சொல்லைத் தன் அறிவாக, தன் வாயால் சொல்லும் பெண்ணும் அவள் ஒருத்தியே. வாளும் சொல்லி முடித்த உடனேயே வருகிறது. ஊர் மருத்துவச்சியாக இருந்த ஆக்னஸையும் இந்தக் கிழவியையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறேன். இருவரும் வழி அறிந்தவர்கள். இருவருடைய அறிவையும் வாங்கிக்கொண்டு உயிரை எடுத்தார்கள்.

கதை எப்படி முடிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசன் தோற்கிறான், அண்ணன்மார் உயிர் பெறுகிறார்கள், எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். ஜேகப்ஸ் தரும் வடிவத்தின் முடிவு, பர்ட் எலன் அதன் பிறகு ஒருபோதும் எந்தத் தேவாலயத்தையும் அந்தத் திசையில் சுற்றவில்லை என்று சொல்கிறது. ரோலண்ட் பந்தைப் பார்த்து உதைக்கக் கற்றுக்கொண்டானா என்பது பற்றி ஒரு சொல் இல்லை. பாடம் கற்க வேண்டியவள் அவள்.

இவ்வளவு தண்டனைக்குரிய திசை இது என்றால், எதிர்த்திசை பெண்ணுக்குப் பாதுகாப்பானதா என்ற கேள்வி எழும். அதற்கும் ஒரு சொல் இருக்கிறது. டெஷில். கேலிக் மொழியிலிருந்து வந்தது, வலப்பக்கமாக, சூரியன் போகும் போக்கில் என்று பொருள். மார்ட்டின் மார்ட்டின் என்பவர் 1703இல் வெளியிட்ட ஸ்காட்லாந்து மேற்குத் தீவுகள் பற்றிய நூலில் இந்த வழக்கத்தை விவரிக்கிறார். லூயிஸ் தீவில் வலக்கையில் நெருப்பை ஏந்தி வீட்டையும் பயிரையும் மாடுகளையும் வலமாகச் சுற்றி வருவார்கள். பிள்ளை பெற்ற பெண்ணையும், தேவாலயச் சடங்கு முடியும்வரை, காலையும் இரவும் அப்படி நெருப்போடு சுற்றுவார்கள். காப்புதான், சந்தேகமில்லை. ஆனால் யார் நடுவில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். நிலம், மாடு, பிள்ளை பெற்றவள். வலமாகச் சுற்றும்போது அவள் சுற்றப்படும் பொருளாக இருக்கிறாள். இடமாகச் சுற்றினால் குற்றவாளியாகிறாள்.

இந்த டெஷில் என்ற சொல்லை நவீன இலக்கியத்தில் பிரபலமாக்கியவர் ஜேம்ஸ் ஜாய்ஸ். 1922இல் வந்த யுலிசிஸ் நாவலில் சூரியனின் எருதுகள் என்று வழங்கப்படும் இயல் இந்தச் சொல்லோடு தொடங்குகிறது. களம் டப்ளின் ஹோல்ஸ் தெருவின் பிரசவ மருத்துவமனை. மினா பியூர்ஃபாய் என்ற பெண் மூன்றாம் நாளாகப் பிரசவ வலியில் இருக்கிறாள். கீழே மருத்துவ மாணவர்களும் நண்பர்களும் குடித்துக்கொண்டு கருத்தரிப்பு, கருத்தடை, தாய்மை என்று கேலியும் வாதமுமாகப் பேசுகிறார்கள். ஆங்கில உரைநடை பிறந்து வளர்ந்த வரலாற்றையே ஒவ்வொரு நடையாக நடித்துக்காட்டிக்கொண்டு இயல் நகர்கிறது. பெரும் திறமை, மறுக்கவில்லை. ஆனால் கருவின் வளர்ச்சியை மொழியின் வளர்ச்சிக்கு உவமையாக்கிய அந்த இயலில், உண்மையில் பெற்றுக்கொண்டிருப்பவளின் குரல் ஏறக்குறைய இல்லை. சொல் நல்ல திசையைச் சொல்கிறது, குழந்தையும் நலமாகப் பிறக்கிறது, தாய் மாடியிலேயே இருந்துவிடுகிறாள்.

இங்கே ஓர் எளிய பூகோளச் செய்தியைச் சேர்க்க வேண்டும். சூரியன் இடமிருந்து வலமாகப் போவது பூமியின் வடபகுதியில் தெற்கு நோக்கி நிற்பவருக்கு மட்டுமே. நியூசிலாந்தில் வடக்கு நோக்கி நின்றால் சூரியன் வலமிருந்து இடமாகப் போகும். 1848இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் போய்க் குடியேறிய டனீடன் நகரத்தில், தாத்தா பாட்டி சொல்லிக்கொடுத்த சுபதிசையில் சுற்றினால் சூரியனுக்கு எதிராகச் சுற்றியதாக ஆகும். இயற்கையின் சட்டம் என்று சொல்லப்பட்டது ஓர் ஊரின் நிற்கும் இடம்தான். பெண்ணைப் பற்றிய பல இயற்கைச் சட்டங்களையும் இப்படி இடம் மாறி நின்று பார்க்கலாம்.

சூனியக்காரி, கிழவி, கன்னிமுதியாள் போன்ற வசைச்சொற்களைப் பெண்கள் திரும்ப எடுத்துப் பெருமைச் சொற்களாக்கிய மரபு நமக்குத் தெரியும். மேரி டேலி, ஜேன் கபூட்டியோடு சேர்ந்து 1987இல் அதற்கென ஓர் அகராதியே வெளியிட்டார். விடர்ஷின்ஸ் என்ற சொல்லையும் அப்படிக் கொண்டாடலாம் என்று மாணவிகள் சொல்வதுண்டு. எதிர்த்திசையில் நடப்போம், அதுவே நம் திசை என்பார்கள். அந்த உற்சாகம் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் ஒரு தயக்கம் இருக்கிறது. ஆக்னஸ் சாம்ப்சனைத் தேவாலயத்தில் எதிர்ச்சுற்று ஆடிய கலகக்காரியாகக் கொண்டாடினால், குற்றப்பத்திரிகை எழுதியவர் சொன்னதை நாம் உண்மை என்று ஏற்றுக்கொள்கிறோம். அவர் ஆடியதற்கு வதையில் பிடுங்கிய வாக்குமூலங்களே ஆதாரம். மருந்து கொடுத்ததும் பிரசவம் பார்த்ததும்தான் அவருடைய வாழ்க்கை. அதைக் கொண்டாடலாம். எதிரி கொடுத்த வினையடையைக் கொண்டாட அவசரப்பட வேண்டாம்.

கடைசியாக, இந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வி. மொழிபெயர்த்துப் பார்க்கும்போதுதான் ஒரு சொல்லின் எடை தெரியும். அறிவியல் பாடநூலில் இடஞ்சுழியாக என்பார்கள். திசை சரி, அச்சம் இல்லை. அப்பிரதட்சிணமாக என்றால் அச்சமும் சடங்கும் வந்துவிடும். குற்றப்பத்திரிகைக்கு அதுதான் பொருத்தம். எலன் ஓடிய ஓட்டத்துக்கு அது பொருந்தாது. இடப்பக்கமாகச் சுற்றி ஓடினாள் என்பதே போதும். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு நான் இரண்டு தமிழ் வழக்குகளை வைத்துக்கொள்கிறேன். தீர்ப்பளிப்பவர் பேசும்போது ஒன்று, நடந்தவளின் பக்கம் நின்று சொல்லும்போது மற்றொன்று.

நம் மொழியிலும் வலம் என்பதற்கு வலப்பக்கம், வலிமை, வெற்றி என்று பொருள்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. வலம்வருதல் வழிபாடு. வலம்புரிச் சங்கு மங்கலம். இடமாகச் சுற்றுவது சாவுச் சடங்குக்கு உரியது. பல சமூகங்களில் கொள்ளிக்குடத்தோடு அப்படிச் சுற்றுபவன் மகன். மகளுக்குச் சுடுகாட்டுக்கு வரும் உரிமையே பல ஊர்களில் இல்லை. ரோலண்டின் குன்று இங்கேயும் இருக்கிறது. தவறான திசை, தேவைப்படும்போது, ஆணுக்குக் கடமையாகிறது.

இந்த வெளிச்சத்தில் சிலப்பதிகாரத்தின் வஞ்சினமாலையைத் திரும்பப் படித்தால் ஒரு செய்தி புதிதாகத் தெரிகிறது. கண்ணகி திருகி எறிவது இட முலையை. ஆனால் மதுரையை மூன்று முறை சுற்றி வருவது வலமாக. ஒரு நகரத்தை அழிக்கப்போகிறவள் அழிவின் திசையில் நடக்கவில்லை, வழிபாட்டின் திசையில் நடக்கிறாள். அவள் செய்வது சூனியமல்ல, அறம் என்று நிறுவ இளங்கோவுக்கு அந்தத் திசை தேவைப்பட்டிருக்கிறது. இடமாகச் சுற்றியிருந்தால் அவளுக்குக் கோயில் கட்டியிருப்பார்களா? மூட்டாத புயலுக்காக ஆக்னஸை எரித்தார்கள். மூட்டிய தீக்காகக் கண்ணகியைத் தொழுதார்கள். இருவருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில் ஒரு பங்கு ஒரு வினையடையின் தூரம். கண்ணகியின் கோபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கோபம் ஏற்கப்படுவதற்கும் ஒரு திசை விதிக்கப்பட்டிருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

எனவே மாணவிகளிடம் நான் கேட்டுக்கொள்வது சிறிய காரியம். பெண்ணைப் பற்றிய எந்த வாக்கியத்தைப் படித்தாலும் வினையடையின் கீழே ஒரு கோடு இடுங்கள். அதை எடுத்துவிட்டு வாக்கியத்தை ஒருமுறை படியுங்கள். செய்தியிலும் தீர்ப்பிலும் கதையிலும் குடும்பப் பேச்சிலும் இதைச் செய்யலாம். அவள் இரவில் தனியாகச் சென்றாள் என்பதில் இரண்டு சொற்களை எடுத்தால், அவள் சென்றாள் என்பது மிஞ்சும். அதில் என்ன குற்றம் இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு எடுத்த சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு, இவற்றை இங்கே வைத்தவர் யார், எப்போது வைத்தார் என்று கேளுங்கள். பர்ட் எலன் ஓடினாள். ரோலண்ட் உதைத்த பந்தை எடுப்பதற்காக ஓடினாள். அந்தப் பந்து கிடைத்ததா என்று கதை கடைசிவரை சொல்லவே இல்லை.